கும்மிடிப்பூண்டியில் நான் பேசிய லத்தீன்

யாருமே பேசாத மொழியைக் கற்றுக்கொள்வதில் ஒரு பெரிய வசதி உண்டு. நாம் தப்பாகப் பேசுகிறோம் என்று சொல்ல ஆள் கிடையாது. அந்த வசதியில்தான் சில காலம் நான் கும்மிடிப்பூண்டியின் தலைசிறந்த லத்தீன் பேச்சாளராக இருந்தேன். போட்டிக்கு வர ஒருவரும் இல்லை. ரயில் தண்டவாளத்தைத் தாண்டி ஆந்திர எல்லை வரைக்கும் என் கொடிதான் பறந்தது.

இன்று நான் தொல்லியல்காரி. ரோமானியர்கள் மதுவும் எண்ணெயும் ஊற்றிக் கப்பலேற்றிய ஜாடிகளின் உடைந்த துண்டுகளைப் பார்த்து, இது எந்த ஊர் மண், எந்தச் சூளை என்று சொல்வது என் வேலை. (கூட்டங்களில் 'செவ்வியல் தொல்லியல் அறிஞர்' என்று அறிமுகப்படுத்துவார்கள். எங்கள் தெருவில் 'ஓடு பொறுக்கற பொண்ணு'. இரண்டும் ஒன்றுதான்.) இந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததற்கு எத்தனையோ காரணங்கள். அதில் ஒன்றை எங்கள் வீட்டில் மட்டும்தான் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அதை நானே எழுதிவிடுவது மரியாதை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, முதல் பத்தாண்டின் நடுவில் நடந்தது. தொல்லியலில் முதுகலை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். கல்லூரி நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் பார்த்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. எரிமலைச் சாம்பலில் புதைந்து திரும்பத் தோண்டியெடுத்த ஒரு தெரு. தெருக்கல்லில் வண்டிச் சக்கரம் ஓடி ஓடித் தேய்ந்த பள்ளம். அவ்வளவுதான் படம். மனிதர் ஒருவர்கூட இல்லை. ஆனால் அந்த வண்டி இப்போதுதான் தெருமுனையில் திரும்பிப் போனது போலவும், நான் கொஞ்சம் தாமதமாக வந்துவிட்டது போலவும் இருக்கும். அந்தப் பள்ளத்தில் விரலை வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றும். சிலருக்கு மனிதர்கள் மேல் காதல் வருகிறது. எனக்குத் தேய்ந்துபோன கல்லின் மேல் வந்தது. அம்மா எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த சமயம், என் மனது இரண்டாயிரம் வருடம் முன்னால் போன மாட்டுவண்டியின் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது.

லத்தீன் தெரியாமல் அந்தப் பக்கம் போக முடியாது என்று யாரோ சொன்னார்கள். சென்னையில் நடைபாதைக் கடையில் அட்டை இல்லாத ஓர் இலக்கணப் புத்தகம் கிடைத்தது. கும்மிடிப்பூண்டிக்கும் சென்ட்ரலுக்கும் இடையே மின்சார ரயிலில் உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பேன். 'அக்ரிகொலா ஃபிலியம் நவுதே அமத்.' விவசாயி மாலுமியின் மகளைக் காதலிக்கிறான். புத்தகம் முழுக்க இப்படித்தான். விவசாயி காதலிப்பான், மாலுமி பாடுவான், படைவீரர்கள் பாலத்தை எரிப்பார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்பதற்கு ஒரு வாக்கியம் கிடையாது. மீன் கூடையோடு வரும் அம்மாக்கள் என்னைப் பார்த்து, "பாவம், பரீச்சையில பெயிலாயிடுச்சு போல" என்று இடம் விட்டு உட்காருவார்கள்.

என் நைனா தொழிற்பேட்டையில் தரை ஓடு செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். (எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம்.) பெயர் முனிரத்தினம். இரும்புக் கொம்பு இரண்டில் ஒரு டன் சரக்கைத் தூக்கி, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் இறக்கி வைப்பார். அந்தத் தொழிற்சாலைக்கு இத்தாலியிலிருந்து ஓட்டின் மேல் பூ வேலை அச்சிடும் ஓர் இயந்திரம் வந்து இறங்கியது. அதைப் பொருத்த மார்கோ என்று ஒரு டெக்னீஷியனும் வந்தார். அவருக்கு இத்தாலியன் தவிர 'ஓகே', 'நோ ப்ராப்ளம்' இரண்டும்தான் தெரியும். கூட வர வேண்டிய மொழிபெயர்ப்பாளர் சென்னையில் சாப்பிட்ட பிரியாணியால் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார்.

மேனேஜர் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, என் நைனா முன்வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறார்.

"எம் பொண்ணுக்கு அந்த ஊர் பாஷ அத்துப்படி சார்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்து இதை அவர் சொன்னதும் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்தேன்.

"நைனா, அது லத்தீன். செத்துப்போன பாஷை. இத்தாலியன் வேற."

"செத்துப்போச்சுன்னா இன்னா? அதுக்குப் புள்ள குட்டி இல்லியா?"

"இத்தாலியன்தான் அதோட புள்ள."

"அப்புறம் இன்னா? அப்பனத் தெரிஞ்சா புள்ளயாண்ட பேச முடியாதா? நான் உங்க தாத்தாவாண்ட பேசல?"

இப்போது பல மொழியியல் மாநாடுகளுக்குப் போய் வந்துவிட்டேன். இந்த வாதத்துக்கு இன்னும் எனக்குப் பதில் தெரியாது.

உண்மையைச் சொன்னால், நான் மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. அந்தப் படத்துத் தெரு இருக்கும் நாட்டிலிருந்து ஒரு மனிதர், என் வீட்டிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் வந்து நிற்கிறார். அங்கே வீசும் காற்றை மூச்சில் இழுத்தவர். அவரை ஒரு தரம் பார்க்காமல் எப்படி இருப்பது?

மறுநாள் அம்மாவின் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, தலையில் கனகாம்பரம் வைத்து, அதன் மேல் தொழிற்சாலை கொடுத்த மஞ்சள் ஹெல்மெட்டைக் கவிழ்த்துக்கொண்டு போய் நின்றேன். மார்கோ முப்பது வயதுக்காரர். வெயிலில் மூக்கு மட்டும் தக்காளியாகச் சிவந்திருந்தது. நான் கை கூப்பி, இரவெல்லாம் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.

"சால்வே! நோமென் மிஹி வாணி எஸ்த்."

வணக்கம், என் பெயர் வாணி. மார்கோ ஒரு அடி பின்னால் போனார். கல்யாண வீட்டில் பழைய கணக்கு வாத்தியாரைப் பார்த்தவன் முகம் அப்படித்தான் இருக்கும்.

"லத்தீனோ?" என்றார். பிறகு பள்ளிக்கூடப் பையை மாட்டுவதுபோல் நடித்து, விரலால் காற்றில் ஒரு பெரிய பூஜ்யம் போட்டுக் காட்டினார். பள்ளியில் படித்திருக்கிறார், தேறவில்லை. எனக்கு ஆனந்தம் தாங்கவில்லை. உலகத்தில் என்னைவிட லத்தீன் தெரியாத ஒருவர்!

அவருக்கும் ஏதோ பழைய ஞாபகம் வந்துவிட்டது. ராகம் போட்டு இழுத்தார்: "ரோசா, ரோசே, ரோசே, ரோசம்..." முதல் பாடத்தில் வரும் வேற்றுமை வாய்ப்பாடு. நானும் சேர்ந்துகொண்டேன். இயந்திரத்தின் முன்னால் நின்று இரண்டு பேரும் கோரஸாகப் பாடினோம்.

மேனேஜர் பரபரப்பாகக் கேட்டார். "என்னம்மா சொல்றார்?"

"ரோஜா... ரோஜாவினுடைய... ரோஜாவுக்கு..."

"ரோஜாவா?"

"வணக்கம் சொல்றார் சார்."

அதற்குப் பிறகு நடந்ததுதான் ஆபத்து. எல்லாம் சரியாகப் போக ஆரம்பித்தது. அவர் 'ஆக்வா' என்றார். 'தண்ணி கேக்கறாரு' என்றேன். தண்ணீர் வந்தது, குடித்தார். 'போர்த்தா' என்றார், கதவைத் திறக்கச் சொன்னேன், திறந்தார்கள், தலையாட்டினார். கூடியிருந்த ஆட்கள் என்னை அம்மன் வந்து இறங்கியவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள். நைனா ஃபோர்க்லிஃப்ட்டின் மேல் உட்கார்ந்து அந்தக் காட்சியைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அது போதும் என்று அன்றே செத்திருக்கலாம். செத்திருந்தால் மத்தியானம் நடந்தது நடந்திருக்காது.

மத்தியானம் கடைசிப் பெட்டி வந்தது. ஆள் உயரத்துக்கு நெட்டுக்குத்தாக ஒரு மரப்பெட்டி. உள்ளே இயந்திரத்தின் மூளை மாதிரியான கன்ட்ரோல் பேனல். பெட்டியின் நான்கு பக்கமும் மேல்நோக்கி அம்புக்குறி. நைனா அதைக் கொம்பில் ஏந்திக்கொண்டு வந்தார். ஆட்கள் சுற்றி நின்று பிடித்துக்கொண்டார்கள். மார்கோ கையை நீட்டிக் கத்தினார்.

"பியானோ! பியானோ!"

என் மூளை பளிச்சென்று வேலை செய்தது. (அது அப்படி வேலை செய்யும்போதெல்லாம் எனக்கு இப்போதும் பயம்தான்.) லத்தீனில் 'பிளானுஸ்' என்றால் தட்டை, மட்டம், சமதளம். அந்தச் சொல் தேய்ந்து இத்தாலியனில் 'பியானோ' ஆகியிருக்கும். வேர்ச்சொல்லை நேருக்கு நேர் கண்டுபிடித்துவிட்டேன்! நானும் கத்தினேன்.

"நைனா, மட்டமா வைக்கச் சொல்றாரு! படுக்கப் போடணுமாம்!"

நைனா ஒரு நொடி அம்புக்குறியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருக்கு அம்புக்குறியைவிட மகள் மேல் நம்பிக்கை அதிகம்.

"டேய், படுக்கப் போடுங்கடா!"

பெட்டி சாய ஆரம்பித்தது. மார்கோ அலறினார். "பியானோ! பியானோ! பியானோ!"

"இன்னும் மட்டமா!" என்றேன் நான்.

ஆட்கள் அதையும் செய்தார்கள். உள்ளே ஏதோ சரிந்தது. அப்புறம் கண்ணாடி உடையும் சத்தம், அதன் பின்னால் சின்னச் சின்னதாக நிறைய சத்தம். கடைசியில் சத்தமே இல்லை.

மார்கோ தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "பெர்கே?" என்றார்.

"'ஏன்?'னு கேக்கறாரு," என்றேன். அன்று மத்தியானம் நான் சரியாக மொழிபெயர்த்தது அது ஒன்றுதான்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடித்தார்கள். மார்கோ அவரிடம் நிறையப் பேசினார். பிறகு மேனேஜர் போனை வாங்கிக் கேட்டுவிட்டு, மிகவும் அமைதியான குரலில் எனக்குச் சொன்னார்.

"பியானோன்னா மெதுவாவாம்மா."

என் வேர்ச்சொல் ஆராய்ச்சி தப்பில்லை. தட்டை என்ற சொல்லிலிருந்துதான் அது வந்தது. தட்டையிலிருந்து மென்மைக்கும், மென்மையிலிருந்து மெதுவுக்கும் அது நடந்து வந்த தூரம்தான் எனக்குத் தெரியாமல் போயிற்று. இதை மேனேஜருக்கு விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். நைனா என் கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நல்ல மனிதர்.

நைனாவை ஃபோர்க்லிஃப்ட்டிலிருந்து இறக்கி, பின்கட்டில் உடைந்த ஓடுகளைப் பிரித்து அடுக்கும் வேலைக்குப் போட்டார்கள். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அப்பனும் பொண்ணும் ஒடஞ்சதப் பொறுக்கறதுக்குன்னே பொறந்து வந்துகீறீங்க." நைனா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் சாப்பிட்டிருப்பேன். சாயங்காலம் வந்து கையில் ஒட்டிய ஓட்டுத் தூளைக் கழுவிக்கொண்டே கேட்டார்.

"அந்தாளு உன்னாண்ட உன் பாஷையில பேசினான் இல்ல?"

"ஆமா நைனா. ரோஜா ரோஜான்னு."

"அப்புறம் இன்னா. உடு."

ஆனால் விட முடியாத ஒன்று இருந்தது. மார்கோவின் மனைவிக்கு அது நிறைமாதம். இயந்திரத்தைப் பொருத்திவிட்டு, பிரசவத்துக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வந்தவர் அவர். புதிய பேனல் இத்தாலியிலிருந்து வந்து, சுங்கத்தில் கிடந்து, கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அவர் நகர முடியாது. இது தெரிந்த அன்று நைனா அவரைக் கையோடு வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார். "நம்மளாலதான மாட்டிக்கினு பேஜாராவுறான். நாஷ்டாவாச்சும் நல்லபடியா துன்னட்டும்."

அப்படித்தான் மார்கோ எங்கள் வீட்டில் இட்லி சாப்பிட ஆரம்பித்தார். மொழிபெயர்ப்பாளர் தேறி வந்து தொழிற்சாலையில் அவரோடு இருந்தார். எங்கள் வீட்டில் மட்டும் நான்தான். லத்தீன் பாதி, சைகை பாதி.

அந்தக் காலைகளை நான் இன்றும் நினைத்துக்கொள்வேன். நான் கேட்பதெல்லாம் அவர் ஊரைப் பற்றி. அவர் வீட்டுக்குப் பின்னால் ரோமானியர் காலத்துச் செங்கல் சுவர் ஒன்று இருக்கிறதாம். சின்ன வயதில் அதில்தான் பந்தை உதைத்து விளையாடினாராம். நான் கேட்ட சக்கரத் தடமா? அதுவும் ஊருக்கு வெளியே இருக்கிறது. மழை பெய்தால் அதில் சைக்கிள் சறுக்கும். இரண்டு தடவை முட்டி பெயர்ந்திருக்கிறது. பேண்ட்டை மடித்துத் தழும்பைக் காட்டினார். எனக்குக் கிடைக்காத இடத்தில் விழுந்து வாரியவரின் முழங்காலைப் பார்த்தபடி வயிறு எரிய உட்கார்ந்திருந்தேன். அவரோ பேச்சுக்கு நடுவே சட்டென்று நின்றுபோய் ஜன்னல் பக்கம் பார்ப்பார். அங்கே எதிர்வீட்டுக் கொடியில் குழந்தைத் துணி காயும்.

ஒரு நாள், எதற்கு இந்த உடைந்த கல்லெல்லாம் உனக்கு என்று கேட்டார். நான் நன்றாக யோசித்து, இலக்கணம் பிசகாமல் சொன்னேன். "ரோமம் விதேரே வோலோ."

அடுப்படியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார். "ஊட்டுக்கு வந்த ஆம்பளயாண்ட ரோமம் கீமம்னு இன்னாடி பேச்சு?"

நான் சொன்னது, 'ரோமைப் பார்க்க விரும்புகிறேன்.' ஆனால் மார்கோ முகம் மலர்ந்துபோய்க் கையை விமானம்போல் விரித்தார். லத்தீனில் 'வோலோ' என்றால் விரும்புகிறேன். அவர் மொழியில் அதற்குப் பறக்கிறேன் என்று பொருள். எப்போது பறக்கிறாய், எந்தத் தேதி, எந்த விமானம் என்று ஆவலாக விரலை மடக்கிக் கேட்டார். அவர் கண்ணில் ஓர் ஆசை தெரிந்தது. நான் போகும் விமானத்தில் தானும் ஒட்டிக்கொண்டு போய்விடலாம் என்பதுபோல.

இல்லை என்று தலையாட்டினேன். விருப்பம்தான், விமானம் இல்லை என்று சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. அவர் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். தட்டில் இருந்த இட்லியைப் பார்த்துக்கொண்டு, தன் நெஞ்சைத் தொட்டு, மெல்லச் சொன்னார். "வோலோ." எந்த மொழியில் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா எல்லோரையும் பெரியபாளையத்துக்குக் கிளப்பினார். பவானியம்மன் கோயிலில் கூட்டம். வேப்பிலையை உடுத்திக்கொண்டு சுற்றி வருபவர்களை மார்கோ வாய் பிளந்து பார்த்தார். சந்நிதிக்கு முன்னால் அம்மா அவர் கையில் விளக்கைக் கொடுத்தார்.

"பொண்ணோ புள்ளயோ, ரெண்டு உசுரும் நல்லபடியா பொழைக்கணும்னு வேண்டிக்கோ தம்பி."

நான் வாயைத் திறந்தேன். அம்மா கையைக் காட்டித் தடுத்தார்.

"நீ சும்மா இரு. நீ மொழிபெயர்த்தா ஆத்தாவுக்குத் தப்பா போய்ச் சேரும்."

மார்கோவுக்கு யாரும் எதையும் பெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. விளக்கை வைத்துவிட்டு வெகுநேரம் கண்ணை மூடி நின்றார். பக்கத்தில் நின்று நானும் அவர் குழந்தைக்காக வேண்டிக்கொண்டேன். நடுவில் எனக்காகவும் கொஞ்சம் வேண்டிக்கொண்டேன். (அம்மா ஏற்கெனவே நான் எங்கேயும் போகக் கூடாது என்று அதே சந்நிதியில் வேண்டியிருந்தார். பவானியம்மன் பாடு கஷ்டம்தான்.)

குழந்தை பிறந்தபோது அவர் எங்கள் வீட்டு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். செல்போன் அடித்தது. கேட்டார். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், அழுதார். பிறகு போனை நீட்டி எங்கள் ஒவ்வொருவர் காதிலும் வைத்தார். ஒரு பச்சைக் குழந்தையின் அழுகை. "பொண்ணு," என்றார் அம்மா, கேட்டவுடனே. எப்படித் தெரிந்ததோ. அது பெண்தான். அம்மா உள்ளே போய் ரவையை வறுக்க ஆரம்பித்தார். நான் கொல்லைப்புறம் போய் அழுதேன். அந்த அழுகையை அவர் பக்கத்தில் நின்று கேட்டிருக்க வேண்டும். என் ஒரு வார்த்தையால் கடல் தாண்டிக் கேட்டார்.

நைனா பின்னாலேயே வந்தார். "நாளைக்குத் திருவள்ளூர் போயிட்டு வரலாம்," என்றார்.

"எதுக்கு?"

"கலெக்டர் ஆபீசாண்ட பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடறாங்களாம். டப்பு, டிக்கெட்டு எல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். அந்தாளு அன்னிக்கு எப்ப வர்றன்னு கேட்டப்ப உன் மூஞ்சி போன போக்க நான் பாத்தேன்."

போனோம். பாஸ்போர்ட் வந்தது. அது பல வருடம் வெறும் பக்கங்களோடு பீரோவில் கிடந்தது. மார்கோ புதிய பேனலைப் பொருத்திவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார். நைனாவைத் திரும்ப ஃபோர்க்லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லி மேனேஜரிடம் அவர்தான் பேசிவிட்டுப் போனார் என்று பிறகு தெரிந்தது. நான் தெற்கே கடலோரத்து அகழாய்வுக் குழிகளில் உட்கார்ந்து, அவர் ஊர்க்காரர்கள் இரண்டாயிரம் வருடம் முன்பு உடைத்துப் போட்ட ஜாடிகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு துண்டும் கையில் வரும்போது, நீ வந்துவிட்டாய், நான் எப்போது போவது என்று கேட்பேன். உதவித்தொகை மனுக்கள் போடுவதும் திரும்பி வருவதுமாக இருந்தது. ஒரு தரம் திரும்பி வரவில்லை.

இத்தாலியில் என் முனைவர் பட்ட ஆய்வை முடித்து, பேராசிரியர்கள் முன்னால் நின்று பதில் சொல்லி, அவர்கள் எழுந்து கைகுலுக்கி முடிவைச் சொன்னதும், நடைபாதைக்கு ஓடிப்போய் வீட்டுக்குப் போன் போட்டேன். அங்கே சாயங்காலம். பின்னணியில் ரயில் போகும் சத்தம், குக்கர் விசில், டிவியில் யாரோ சண்டை. இளமை முழுக்க எந்த ஊருக்காக ஏங்கினேனோ அந்த ஊரில் நின்றுகொண்டு, அந்தக் குக்கர் விசிலுக்காகப் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அம்மா, குடுத்துட்டாங்க. நான் டாக்டர் ஆயிட்டேன்!"

அந்தப் பக்கம் டிவிச் சண்டை நின்றது. அம்மா அழுகிறாரோ என்று நினைத்தேன்.

"நல்லாக் கேட்டியா?" என்றார் அம்மா. "அவங்க அதான் சொன்னாங்களா? உன் காத நம்பாத. அங்க வேற யார்னா இருந்தா உட்டு ஒரு தபா கேக்கச் சொல்லு."

பின்னால் நைனா சிரித்துச் சிரித்து இருமுவது கேட்டது. இன்றுவரை எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். டாக்டர் சொன்ன மருந்தானாலும் பேங்க்காரர் சொன்ன வட்டியானாலும், நான் கேட்டு வந்து சொன்னால் செல்லாது. சான்றுக்கு இன்னொருவர் வேண்டும்.

அன்று என்ன செய்தேன் என்கிறீர்களா? போனை வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உள்ளே போய் இன்னொரு தரம் கேட்டுவிட்டு வந்தேன்.